கோடைக்கு மட்டும் ரேஞ்சர்

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் என்ன வேலைக்குப் போகலாம்? உங்களில் பலர் இப்போதே இதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பீர்கள். வங்கி, பள்ளிக்கூடம், தொழிற்சாலை, மருத்துவமனை, கணிப்பொறி நிறுவனம் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் சாதாரணமாக இடம்பெறாத ஒரு வேலையைப் பற்றி இங்கே தெரிந்துகொள்வோம். அது நான்கைந்து மாதங்களே நீடிக்கும் வேலை. மலையில் பனி உருகும்போது தொடங்கும். மீண்டும் பனி விழத் தொடங்கும்போது முடிந்துவிடும். அமெரிக்க நாட்டின் தேசியப் பூங்காக்களில் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கானோர் இந்த வேலையில் சேருகிறார்கள். கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இளைஞர்களும் அவர்களில் பலர்.

நான்கு மாதம் இருந்துவிட்டுப் போய்விடுகிறவரால் ஒரு பெரிய காட்டுக்கு என்ன பயன்? காட்டை அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் வேண்டாமா? நியாயமான கேள்விதான். விடை காண, அந்நாட்டின் மிகப் பழைய தேசியப் பூங்காவான எல்லோஸ்டோனுக்குப் போவோம்.

பனி வகுத்த வேலை நேரம்

எல்லோஸ்டோன் 1872ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பலரும் இதையே குறிப்பிடுவர். பரப்பு சுமார் 9,000 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில் இருக்கிறது. ஓரங்கள் மொன்டானா, ஐடஹோ மாநிலங்களுக்குள் நீள்கின்றன. கடல் மட்டத்துக்கு மேல் சராசரியாக 2,400 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டுநிலம் இது. ஓராண்டில் சராசரியாக 3.8 மீட்டர் பனி விழுகிறது. உயரமான இடங்களில் இதைப்போல இரு மடங்கும் விழுவதுண்டு.

இவ்வளவு பனி விழுந்தால் கார் எப்படி ஓடும்? நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை பூங்காவின் பெரும்பாலான சாலைகள் கார்களுக்கு மூடப்பட்டிருக்கும். வட எல்லையை ஒட்டிய ஒரே ஒரு சாலை மட்டும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். மார்ச் மாதத்தில் இயந்திரங்களைக் கொண்டு பனியை வெட்டி ஒதுக்கத் தொடங்குவார்கள். சாலை திறந்ததும் மக்கள் வெள்ளம் போல் வருவார்கள். 2021ஆம் ஆண்டில் இப்பூங்காவுக்கு வந்தோர் 48 லட்சத்துக்கும் மேல். அவர்களில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் ஜூலை என்ற ஒரே மாதத்தில் வந்தவர்கள்!

ஜூலை மாதக் கூட்டத்துக்கு வேண்டிய ஆட்களை ஜனவரியிலும் சம்பளம் கொடுத்து வைத்திருக்க முடியாது. ஜனவரிக்குப் போதுமான ஆட்களைக் கொண்டு ஜூலையைச் சமாளிக்கவும் முடியாது. எனவே நிரந்தரப் பணியாளர் ஒரு பகுதியினர். கோடைக்கு மட்டும் வருவோர் மற்றொரு பகுதியினர். நம் வயல்களில் நடவுக்கும் அறுப்புக்கும் கூடுதலாக ஆள் வைப்பதில்லையா? அதைப் போன்ற ஏற்பாடுதான் இதுவும்.

யார் சேரலாம்? என்ன வேலை?

தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் தேசியப் பூங்காத் துறை 1916ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் தேதி அமைக்கப்பட்டது. அந்தத் துறையின் கோடைக்கால வேலைக்கு முந்திய குளிர்காலத்திலேயோ அதற்கும் முன்போ விண்ணப்பிக்க வேண்டும். இது அரசு வேலை என்பதால் பொதுவாக அந்நாட்டுக் குடிமக்களுக்கே கிடைக்கும். பூங்காவுக்குள் தனியார் நடத்தும் விடுதிகள், உணவகங்கள், கடைகள் உண்டு. அவற்றில் வெளிநாட்டு மாணவர்களும் தற்காலிக அனுமதி பெற்றுக் கோடையில் வேலை செய்கிறார்கள்.

பூங்காத் துறையில் கிடைக்கும் வேலைகள் பலவகை. நுழைவாயிலில் கட்டணம் வாங்கி வரைபடம் கொடுப்பது ஒன்று. ஒற்றையடிப் பாதைகளில் விழுந்த மரங்களை அறுத்து அகற்றுவது, சிறு பாலங்களைச் செப்பனிடுவது மற்றொன்று. காட்டுத்தீயை அணைக்கும் குழு உண்டு. விலங்குகளையும் செடிகளையும் கணக்கெடுக்கும் குழு உண்டு. முகாம் இடங்களைச் சுற்றிவந்து பார்ப்போர் உண்டு. இயற்கை விளக்கம் சொல்லும் ரேஞ்சர்களும் உண்டு. ரேஞ்சர் என்றால் பூங்காக் காவலர் என்று கொள்ளலாம். சாம்பல் நிறச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் அணிந்து, மக்களை அழைத்துக்கொண்டு போய், நிலத்தையும் நீரையும் உயிர்களையும் பற்றி எடுத்துச் சொல்வது இயற்கை விளக்க ரேஞ்சரின் வேலை.

இந்த வேலைக்கு ஓர் எல்லையும் உண்டு. ஒரு பருவகாலப் பணியாளர் ஓராண்டில் 1,039 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது விதி. வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வகுத்துப் பாருங்கள். 26 வாரம், அதாவது ஏறத்தாழ ஆறு மாதம் வரும். அதற்கு ஒரு மணி நேரம் குறைவாகவே கணக்கு வைத்திருக்கிறார்கள்!

பட்டம் பெற்ற கையோடு இந்த வேலைக்கு வந்தவர்கள் வரலாற்றிலும் இடம்பெற்றிருக்கிறார்கள். இசபெல் பாசெட் வாசன் என்ற இளம்பெண் நிலவியல் பயின்றவர். 1920ஆம் ஆண்டுக் கோடையில் எல்லோஸ்டோனில் ரேஞ்சராகச் சேர்ந்து, பார்வையாளர்களுக்குப் பூங்காவின் பாறைகளைப் பற்றியும் ஊற்றுகளைப் பற்றியும் சொற்பொழிவாற்றினார். அந்தப் பூங்காவின் முதல் பெண் ரேஞ்சர் இவரே. பின்னர் எண்ணெய் வளம் தேடும் நிலவியலாளராகவும் விளங்கினார்.

இன்னொருவர் 1935இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். 1936ஆம் ஆண்டுக் கோடையில் இங்கே வேலை பார்த்தார். காலை 5 மணி முதல் 7 மணி வரை முகாம் இடத்தில் ஓடி ஓடி, நின்றிருக்கும் ஒவ்வொரு காரின் வகையையும் எண்ணையும் எழுதிக்கொள்வது அவருடைய கடமைகளில் ஒன்று. அவர் பெயர் ஜெரால்டு ஃபோர்டு. 1974 முதல் 1977 வரை அமெரிக்காவின் குடியரசுத் தலைவராக இருந்த அதே ஃபோர்டுதான்.

கார் எண்களை எழுதுவது பெரிய வேலையா என்று தோன்றும். ஆனால் எண்ணி எழுதி வைப்பதுதான் இந்த வேலையின் உயிர். அது எப்படி என்பதை ஓர் ஊற்றின் கரையில் நின்று பார்ப்போம்.

மணி பார்க்கும் ஊற்று

எல்லோஸ்டோனில் வெந்நீர் ஊற்று, சேற்று ஊற்று, ஆவித் துளை என்று 10,000க்கும் மேற்பட்ட வெப்ப வாய்கள் இருக்கின்றன. இவற்றில் சில, தண்ணீரை வானத்தை நோக்கிப் பீச்சி அடிக்கும். பிறகு ஓய்ந்துவிடும். சிறிது நேரம் கழித்து மீண்டும் பீச்சும். இத்தகைய ஊற்றைக் கெய்சர் என்பர். உலகில் இயங்கிவரும் கெய்சர்களில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரு பூங்காவில்தான் உள்ளன.

அவற்றுள் புகழ்பெற்றது ஓல்டு பெயித்புல். ‘நம்பிக்கைக்குரிய கிழவர்’ என்று தமிழில் சொல்லலாம். தவறாமல் பீறிட்டுக்கொண்டே இருப்பதைப் பார்த்து 1870ஆம் ஆண்டு வந்த ஆய்வுக் குழுவினர் வைத்த பெயர் இது. ஒவ்வொரு முறையும் 14,000 முதல் 32,000 லிட்டர் வரை கொதிநீரை 30 முதல் 55 மீட்டர் உயரத்துக்கு வீசுகிறது.

கெய்சர் ஏன் விட்டுவிட்டுப் பீறிடுகிறது? உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100° செல்சியஸில் கொதிக்கிறது. பிரஷர் குக்கரில் மூடி வைத்தால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. 120° வரை சூடேறிய பிறகே கொதிக்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும், குறைந்தால் தாழும். காற்றழுத்தம் குறைவான உயரத்தில் இருப்பதால், ஓல்டு பெயித்புல்லின் வாயருகே தண்ணீர் 93° செல்சியஸிலேயே கொதித்துவிடும்.

இனி நிலத்துக்கு அடியில் நடப்பதைப் பார்ப்போம். மழைநீரும் பனிநீரும் பாறை வெடிப்புகள் வழியே கீழே இறங்குகின்றன. எல்லோஸ்டோன் ஒரு பெரிய எரிமலைப் பகுதி. சுமார் 6,40,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே மாபெரும் வெடிப்பு நிகழ்ந்தது. சில கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய பாறையின் வெப்பம் இன்றும் இருக்கிறது. கீழே இறங்கிய நீர் அந்த வெப்பத்தால் சூடேறி மேலே வருகிறது. வரும் வழி நேரான குழாய் அன்று. அங்கங்கே குறுகிய கழுத்துப் போன்ற இடங்கள் உள்ளன. 20 மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீரின்மேல், தலைக்கு மேலுள்ள நீரின் கனம் முழுவதும் அழுத்துகிறது. எனவே அங்கே நீர் 130° செல்சியஸை நெருங்கினாலும் கொதிக்காமல் திரவமாகவே இருக்கும். குக்கருக்குள் இருக்கும் நிலைதான் இது. மூடிக்குப் பதில் நீர்க் கம்பமே கனமாக உட்கார்ந்திருக்கிறது.

சூடு ஏற ஏற ஆவிக் குமிழிகள் தோன்றுகின்றன. அவை குறுகிய வழியில் நெருக்கியடித்துக்கொண்டு மேலே வரும்போது, மேலிருக்கும் நீரில் கொஞ்சம் வாய்வழியே வழிந்து வெளியேறுகிறது. கனம் குறைகிறது, அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்ததும் கீழே காத்திருந்த அதிசூட்டு நீர் ஒரே நொடியில் ஆவியாகத் தொடங்குகிறது. நீர் ஆவியானால் பல நூறு மடங்கு இடம் வேண்டும் அல்லவா? அந்த ஆவி தனக்கு மேலிருக்கும் நீரையெல்லாம் வெளியே எறிகிறது. இதுவே கெய்சரின் பீறிடல். குழாய் காலியானதும் ஓய்கிறது. மீண்டும் நீர் நிரம்பி, சூடேறி, அடுத்த முறைக்கு ஆயத்தமாகிறது.

கடிகாரமும் கணக்கும்

இப்போது நம் பருவகால ரேஞ்சரின் வேலைக்கு வருவோம். ஊற்றைச் சுற்றி ஆயிரம் பேர் காத்திருப்பார்கள். “அடுத்தது எப்போது?” என்பதே அவர்கள் எல்லோருடைய கேள்வியும். ரேஞ்சர் விடை சொல்லியாக வேண்டும். சொல்லவும் சொல்கிறார். எப்படி?

ரேஞ்சர் செய்வது எளிய வேலை. நீர்க் கம்பம் எழும் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். அது எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று அளக்கிறார். ஒன்றரை நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம் வரை நீடிக்கலாம். குறைந்த நேரம் பீறிட்டால் குழாயில் இன்னும் நீரும் வெப்பமும் மிச்சம் இருக்கும், சீக்கிரம் நிரம்பிவிடும். நீண்ட நேரம் பீறிட்டால் குழாய் பெரிதும் காலியாகிவிடும். மீண்டும் நிரம்பிச் சூடேற அதிக நேரம் பிடிக்கும். இரண்டரை நிமிடத்துக்குக் குறைவானால் அடுத்தது சுமார் 68 நிமிடத்தில். அதற்கு மேலானால் சுமார் 94 நிமிடத்தில் என்பது கணக்கு.

நீங்களே போட்டுப் பாருங்கள். 10 மணி 12 நிமிடத்துக்குத் தொடங்கிய பீறிடல் 4 நிமிடம் நீடித்தது. அடுத்தது எப்போது? 94 நிமிடத்தைக் கூட்டினால் 11 மணி 46 நிமிடம். நீடித்தது 2 நிமிடமே என்றால்? 68ஐக் கூட்டினால் 11 மணி 20 நிமிடம். இந்த நேரத்தை ரேஞ்சர் பலகையில் எழுதி வைக்கிறார். பத்து நிமிடம் முன்பின்னாக இருக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறார். பத்தில் ஒன்பது முறை இந்தக் கணிப்பு பலிக்கிறது. அடுத்த ஒன்றை மட்டுமே இவ்வாறு சொல்ல முடியும். அதற்கடுத்தது, வரப்போவது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைப் பொறுத்தது.

இந்தத் தொடர்பு யாருக்கும் கனவில் தோன்றியதன்று. பலர் பலமுறை நேரம் குறித்து, அந்தக் குறிப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்ததால் கிடைத்தது. 1938ஆம் ஆண்டில் ஹாரி உட்வர்டு என்பவர் இதைக் கணக்காக எடுத்துரைத்தார். அந்தக் காலத்தில் சராசரி இடைவெளி 66 நிமிடம்தான். இன்று அது 90 நிமிடத்துக்கும் மேல். கிழவருக்கு நடை தளர்ந்துவிட்டது! பழைய குறிப்புகள் இல்லாவிட்டால் இந்த மாற்றம் நடந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

ஓர் இரவு, 289 ஊற்றுகள்

குறிப்பு எழுதுவதன் பெருமை 1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் தேதி இரவு வெளிப்பட்டது. பூங்காவின் மேற்கு எல்லைக்குச் சற்று அப்பால், ஹெப்ஜன் ஏரியருகே, பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. மலைச்சரிவு ஒன்று இடிந்து விழுந்து ஆற்றையே மறித்தது. பூங்காவுக்கு வெளியே 28 பேர் உயிரிழந்தனர்.

பூங்காவுக்குள் வெந்நீர் ஊற்றுகள் கலங்கிப் போயின. தெளிந்த குளங்கள் சேறாயின. அமைதியாக இருந்த ஊற்றுகள் பீறிட்டன. ஃபயர்ஹோல் ஆற்றின் கரையோரப் பகுதிகளில் குறைந்தது 289 ஊற்றுகள் பீறிட்டிருந்தன என்று கண்டறிந்தார்கள். அவற்றுள் 160 ஊற்றுகள் அதற்கு முன் பீறிட்டதாக எந்தக் குறிப்பும் இல்லை.

கடைசி வாக்கியத்தை மீண்டும் ஒரு முறை படியுங்கள். ‘முன்பு பீறிட்டதாகக் குறிப்பு இல்லை’ என்று சொல்வதற்கு, முன்பு நடந்தவற்றின் குறிப்புகள் கையில் இருக்க வேண்டும். அவை இருந்தன. இந்த ஆய்வைச் செய்தவர் ஜார்ஜ் மார்லர். 1930களில் பருவகால ரேஞ்சராக இங்கே வந்து, ஒவ்வொரு கோடையிலும் ஊற்றுகளின் அருகே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எழுதியவர் அவர். பிற்காலத்தில் நிரந்தரப் பணியிலும் சேர்ந்தார். அவர் தொகுத்த வெப்ப ஊற்றுகளின் பட்டியல் 1973இல் வெளிவந்தது. நிலநடுக்கம் ஊற்றுகளை எவ்வாறு மாற்றும் என்பதை அறிய விரும்புவோர் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

நான்கு மாதம் இருந்துவிட்டுப் போகிறவரால் என்ன பயன் என்று தொடக்கத்தில் கேட்டோம். ஒருவர் எழுதியதை அடுத்த ஆண்டு வருபவர் தொடர்கிறார். ஆள் மாறினாலும் குறிப்பேடு மாறுவதில்லை. தனித்தனிக் கோடைகள் சேர்ந்து ஒரு நூற்றாண்டு ஆகின்றன.

பலகைப் பாதையை விட்டு இறங்காதே!

இந்த வேலையில் உயிர் காக்கும் பொறுப்பும் உண்டு. ஊற்றுகளைச் சுற்றியுள்ள நிலம் பார்க்க உறுதியாகத் தோன்றும். உண்மையில் பல இடங்களில் அது மெல்லிய ஏடுதான். வெந்நீரில் கரைந்து வந்த சிலிகா என்ற பொருள் படிந்து உண்டான தட்டு அது. காலடி பட்டால் உடைந்துவிடலாம். கீழே கொதிநீர். இதுவரை 20க்கும் மேற்பட்டோர் எல்லோஸ்டோனின் வெந்நீர் ஊற்றுகளில் வெந்து இறந்திருக்கிறார்கள்.

அதனால்தான் மரப்பலகைகளால் நடைபாதை போட்டிருக்கிறார்கள். “பாதையை விட்டு இறங்காதீர்கள்” என்று ஒரு நாளில் நூறு முறை சொல்வது பருவகால ரேஞ்சரின் வேலை. ஏன் இறங்கக்கூடாது என்று விளக்கமும் சொல்ல வேண்டும். காரணம் தெரியாத கட்டளையை மக்கள் எளிதில் மீறிவிடுவார்கள். காரணம் தெரிந்தவர்கள் பக்கத்தில் நிற்பவரையும் தடுப்பார்கள்.

மனிதரிடமிருந்து ஊற்றையும் காக்க வேண்டியிருக்கிறது. மார்னிங் குளோரி என்றொரு நீலக்குளம் உண்டு. பார்க்க வந்தவர்கள் அதில் காசு எறிவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள். 1950ஆம் ஆண்டில் அதன் நீர்மட்டத்தைத் தாழ்த்தி, குளத்தைப் பீறிடச் செய்தபோது, 86 டாலர் மதிப்புள்ள செப்புக் காசுகளும், 76 கைக்குட்டைகளும், துண்டுகளும் காலுறைகளும் வெளியே வந்தன! இவ்வாறு அடைத்துக்கொண்டதால் வெந்நீர் மேலே வருவது குறைந்து, குளம் சற்றுக் குளிர்ந்தது. வெப்பம் குறைந்த ஓரங்களில் மஞ்சள், ஆரஞ்சு நிற நுண்ணுயிர்கள் பரவின. நீலம் நடுவில் ஒடுங்கிவிட்டது.

கரடிக்குச் சோறு போட்ட காலம்

ஜெரால்டு ஃபோர்டு கார் எண்களை எழுதிய கதையைச் சொன்னோம். அவருக்கு இன்னொரு கடமையும் இருந்தது. கரடிகளுக்கு உணவு கொண்டுபோகும் வண்டியில் துப்பாக்கியுடன் காவலாக நிற்பது! அந்தக் காலத்தில் விடுதிகளின் எச்சில் உணவைக் கொண்டுபோய் ஓரிடத்தில் கொட்டுவார்கள். கிரிஸ்லி கரடிகள் கூட்டமாக வந்து தின்னும். மக்கள் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். சாலையோரத்திலும் காரை நிறுத்திக் கருங்கரடிகளுக்கு ரொட்டி கொடுப்பார்கள்.

விளைவு என்ன? மனிதர் இருக்கும் இடத்தில் உணவு கிடைக்கும் என்று கரடிகள் கற்றுக்கொண்டன. 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடிகளால் காயமடைந்தார்கள். மனிதரிடம் பழகிவிட்ட கரடிகளும் கொல்லப்பட்டன. எல்லோஸ்டோனையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துக் கிரிஸ்லி கரடிகள் 136 மட்டுமே இருக்கலாம் என்று 1975இல் மதிப்பிட்டார்கள். அதே ஆண்டு அவை சட்டப் பாதுகாப்புப் பெற்றன.

வேடிக்கைக்காகக் கரடிகளுக்குத் தீனி போடுவது இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே நின்றுவிட்டது. 1970ஆம் ஆண்டில் குப்பை மேடுகளும் மூடப்பட்டன. குப்பைத் தொட்டிகளைக் கரடிகளால் திறக்க முடியாதவாறு அமைத்தார்கள். முகாமில் தங்குவோர் உணவை வெளியே வைக்கக்கூடாது என்று விதி வந்தது. விதி எழுதினால் போதுமா? ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு முகாமாகச் சென்று, வெளியே விட்ட ரொட்டிப் பையையும் பழக்கூடையையும் காட்டி, எடுத்து உள்ளே வைக்கச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆட்களில் பெரும்பாலோர் கோடைப் பணியாளர்களே. கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜம், அதாவது 91 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். காட்டெருமைக்கும் மானுக்கும் 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் அவர்களே.

இப்போது கரடியால் காயமடைவோர் சராசரியாக ஆண்டுக்கு ஒருவர். 48 எங்கே, 1 எங்கே! இத்தனைக்கும் பார்வையாளர் தொகை பல மடங்கு பெருகியிருக்கிறது. கிரிஸ்லி கரடிகளும் அந்த வட்டாரத்தில் ஆயிரத்தை ஒட்டிப் பெருகிவிட்டன.

ஒரு மாணவரின் கோடை

பூங்காவின் சம்பளப் பட்டியலில் இல்லாமலும் சில மாணவர்கள் கோடையில் இங்கே வருவார்கள். பேராசிரியருக்கு உதவியாளராக, அனுமதி பெற்று ஆய்வு செய்ய வருகிறவர்கள் அவர்கள். 1966ஆம் ஆண்டில் இன்டியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் பிராக் இங்கே ஆய்வு நடத்தினார். அவருக்கு உதவியவர் ஹட்சன் ஃபிரீஸ், இன்னும் பட்டம் பெறாத மாணவர். 70° செல்சியஸ் வெப்பத்திலும் உயிர்வாழும் பாக்டீரியாவை ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்து வளர்த்தார்கள். 1969இல் அதற்குத் தெர்மஸ் அக்குவாட்டிகஸ் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள்.

சூட்டைத் தாங்கும் உயிரியால் யாருக்கு என்ன பயன் என்று அப்போது எவரும் சொல்லியிருக்க முடியாது. 1983இல் கேரி மல்லிஸ், டிஎன்ஏ-வைப் பலகோடிப் படிகளாகப் பெருக்கும் பிசிஆர் முறையை வகுத்தார். அந்த முறையில் மீண்டும் மீண்டும் 95° அளவுக்குச் சூடேற்ற வேண்டும். சாதாரண நொதிகள் அந்தச் சூட்டில் கெட்டுவிடும். எல்லோஸ்டோன் பாக்டீரியாவின் நொதி கெடவில்லை! அதைப் பயன்படுத்தியபின் பிசிஆர் எளிதாயிற்று. மல்லிசுக்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. 2020இல் கொரோனாக் காலத்தில் மூக்கிலிருந்து மாதிரி எடுத்துச் செய்த பரிசோதனை நினைவிருக்கிறதா? அதுவும் பிசிஆர் முறையே.

இந்த வேலையில் உள்ள குறைகள்

இவ்வளவையும் படித்தபின் இது இன்பமான வேலை என்று தோன்றும். குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சம்பளம் அதிகமன்று. பூங்காவுக்குள் தரும் அறையை இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு வாடகையும் உண்டு. கடைத்தெரு பல மைல் தொலைவில் இருக்கும். இலையுதிர்காலம் வந்ததும் வேலை முடிந்துவிடும். குளிர்காலத்துக்கு வேறு வேலை தேட வேண்டும். அடுத்த ஆண்டு மீண்டும் எடுத்துக்கொள்வார்கள் என்ற உறுதி இல்லை. நிரந்தர வேலைகளோ மிகக் குறைவு. பல கோடைகள் காத்திருந்தும் கிடைக்காதவர் பலர்.

அரசின் முடிவுகளும் இவர்களை முதலில் தாக்கும். 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு புதிய நியமனங்களை நிறுத்தியபோது, கோடைக்காக அழைக்கப்பட்டிருந்த பலருடைய அழைப்புகள் திரும்பப் பெறப்பட்டன. சில வாரங்களுக்குப் பிறகே பருவகாலப் பணியாளர்களை எடுக்க மீண்டும் அனுமதி கிடைத்தது. ஒரு கோடையில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? வரிசை நீளும், கழிப்பறை அசுத்தமாகும் என்பவை கண்ணுக்குத் தெரியும் இழப்புகள். குறிப்பேட்டில் அந்த ஆண்டின் பக்கம் வெறுமையாக நிற்பது கண்ணுக்குத் தெரியாத இழப்பு. அந்தப் பக்கத்தைப் பிறகு யாராலும் எழுதி நிரப்ப முடியாது.

நீங்களும் தொடங்கலாம்

ஒன்றைப் பொறுமையாகப் பார்ப்பது, எண்ணுவது, தேதியிட்டு எழுதுவது, கேட்பவருக்குப் புரியும்படி சொல்வது ஆகிய நான்கும்தான் இந்த வேலைக்கு வேண்டிய தகுதிகள். இவற்றைக் கற்க அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. கல்லூரிப் பட்டமும் வேண்டியதில்லை. உங்கள் பள்ளிக்கருகில் ஒரு வேப்ப மரம் இருக்குமே? அது இந்த ஆண்டு என்றைக்கு முதல் பூவை விட்டது? ஊர் ஏரிக்கு வெளியூர்ப் பறவைகள் எந்த வாரம் வந்தன? எத்தனை வந்தன? கிணற்றின் நீர்மட்டம் மாதந்தோறும் எத்தனை அடி?

நூறு பக்க நோட்டு ஒன்றில் தேதி, நேரம், கண்டது என்று மூன்று பத்திகள் போட்டு எழுதத் தொடங்குங்கள். பத்தாம் வகுப்பு முடித்து வெளியேறும்போது, அந்த நோட்டை ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.